கிரவுனுக்கு எத்தனை பல்?

என் மனைவியை வாய்விட்டுச் சிரிக்க வைத்த ஆண்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய அப்பா, அவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் மூக்கண்ணன். நகைச்சுவை எழுதிப் பிழைக்கும் நான் இதில் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து கவனித்து வருகிறேன்.

மூக்கண்ணனுக்கு மூக்கு சப்பை. மூக்கு இருந்தது அவருடைய லாரிக்கு. இன்றைய லாரிகளுக்கு முகம் சுவரில் மோதியது போலத் தட்டையாக இருக்கும். அந்தக் காலத்து லாரிகளுக்கோ இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டு, அதன்மேல் பானெட் மூடி, ராஜகளையாக ஒரு மூக்கு. எந்தக் காலத்திலோ ராணுவம் கழித்துக்கட்டி, பல கை மாறி, கடைசியில் யாருக்கும் வேண்டாமல் போன அப்படியொரு மூக்கு லாரி, கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அடுத்த காலி மனையில் நின்றது. (இப்போது அங்கேயும் ஃப்ளாட் எழும்புகிறது. மூக்கண்ணன் குத்தம்பாக்கம் பக்கம் போய்விட்டார்.) அதை ஓட வைப்பதுதான் அவருடைய வாழ்க்கை. வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். அதை வண்டி என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. "அது இன்னா வண்டி? சக்கரம் வெச்ச தொட்டி" என்பார்.

நாங்கள் குடிவந்த அன்று காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விசாரித்தார்.

"சாருக்கு இன்னா வேலை?"

"ரைட்டர்."

லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "எந்த ஸ்டேஷன் சார்?"

போலீஸ் ஸ்டேஷன் இல்லை, பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றதும் லுங்கி மறுபடி முழங்காலுக்கு மேல் ஏறியது. "அட, அவ்ளோதானா! நான் பயந்தே பூட்டேன் நைனா." அன்றிலிருந்து நான் வெறும் 'ரைட்டரு'.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. மூக்கண்ணன் இன்ஜினைக் கிளப்பப் பார்க்க, அது இருமிவிட்டு அடங்கியது. எங்கள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, டீசல் லைன்ல காத்து புடிச்சிருக்குதாட்ட இருக்குதுங்க" என்றாள்.

மூக்கண்ணன் அண்ணாந்து பார்த்த பார்வையில், பால்கனியில் மாதாவே காட்சி கொடுத்தது போல ஒரு பரவசம். "தங்கச்சிக்கு எந்த ஊரு?"

"சங்ககிரிங்க. எங்கப்பா மூக்கு லாரிதானுங்க ஓட்டுனாரு."

சங்ககிரியில் வீட்டுக்கு வீடு வாசலில் லாரி நிற்கும். மூக்கண்ணன் கிரீஸ் கையைக் கூப்பினார். என் கட்டுரை வந்த பத்திரிகையைப் பிரிக்கக்கூட நேரமில்லாத என் மனைவிக்கு, சுவரோரம் நின்று பிரேக் பிடிக்காத கதைகளைக் கேட்கச் சாயங்காலம் முழுக்க நேரம் இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து நகைச்சுவை எழுதிக்கொண்டிருப்பேன். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பழைய லாரிக்குப் பாகங்கள் கடையில் கிடைக்காது. அவை ஊருக்குள் மாறுவேடத்தில் நடமாடுகின்றன என்பது மூக்கண்ணனின் சித்தாந்தம். பிரேக் டிரம்மை ஒரு பரோட்டாக் கடை அடுப்பிலிருந்து மீட்டார். டீசல் டாங்க், ஆவடிப் பக்கம் ஒரு வீட்டில் நாய் குளிக்கும் தொட்டியாக இருந்தது. பதிலுக்குப் புது பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், நாய்தான் சம்மதிக்கவில்லை. குமணன்சாவடியில் ஒருமுறை என்னை டீ குடிக்கக் கூட்டிப் போனார். டீயைத் தொடவில்லை. மாஸ்டரின் இடுப்புக்குக் கீழேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மாஸ்டரு, நீ குந்திகினு கீறியே, அது இன்னான்னு தெரியுமா?"

"ஸ்டூலு."

"கிளட்ச் கவரு. எந்திரி."

லாரி விஷயத்தில் அவருக்கு இருந்த பொறாமையைப் பார்த்தால் என்னுடையது வெறும் ஜலதோஷம். கேபினில் யாரையும் ஏற விடமாட்டார். பானெட் மேல் காக்கை உட்கார்ந்தால் கல் எடுப்பார். சாயங்காலம் தான் மட்டும் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, வளைவுகளில் ஒடித்து, மேட்டில் கியர் மாற்றி, நின்ற இடத்திலேயே வேளாங்கண்ணி வரை போய்விட்டு வருவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு முன் பங்குச் சாமியாரிடம் போய், தேர்பவனிக்குத் தன் லாரியைத்தான் எடுக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். வழக்கமாக மாதா சொரூபம் போவது 'குட்டியானை' என்கிற சின்ன சரக்கு வண்டியில்.

"மாதா இன்னா பிரிட்ஜா ஃபாதர்? குட்டியானைல ஏத்திகினு போறீங்களே?"

ஃபாதர் நல்லவர். ஆனால் கள்ளிக்குப்பமே அந்த லாரி நகராது என்று சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியும். "கொடியேத்தத்துக்கு முன்னாடி ஓட்டிக்கிட்டு வந்து கோயில் வாசல்ல நிறுத்துங்க. இல்லேன்னா குட்டியானைதான்" என்றார்.

இன்ஜின் கிளம்பியது. தெருவே கைதட்டியது. கியர் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் அசையவில்லை. மூக்கண்ணன் கேபினிலிருந்து இறங்கவே இல்லை. அன்று சுவரோரம் சிரிப்பு இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ கட்டுரை ஓடவில்லை.

இந்த இடத்தில் என் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய மாதம்தான் எனக்குக் கடைவாய்ப் பல் தேய்ந்துபோய், அதன்மேல் டாக்டர் ஒரு தொப்பி மாட்டினார். அதற்குப் பெயர் கிரவுன். வீட்டில் ஒரு கஞ்சி கிடைத்ததா? "புளிச்சோறு மெத்துனுதானுங்க இருக்குது" என்றாள் மனைவி.

மறுநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போனுக்கு மூக்கண்ணனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நான் போட்டுக் கேட்டேன். "தங்கச்சி, பல்லெல்லாம் தேஞ்சி பூட்சி. கிரவுன் மாத்தியே ஆவணும். புதுசு செட்டாவாது, பழசுதான் வோணும். உங்க ஊர்ல யார்னா கழட்டி வெச்சிருந்தா சொல்லு."

அடுத்தவர் வாயில் இருந்த கிரவுனா! பாவம், லாரி போன துக்கத்தில் மனிதர் பல்லையும் கடித்துத் தேய்த்துவிட்டார். அதைவிட முக்கியம், அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தார்.

"மூக்கண்ணே, கிரவுனெல்லாம் அடுத்தவங்க போட்டதைப் போடக்கூடாது."

"ஏன் ரைட்டரு? கழுவி, கிரீஸ் வெச்சா முடிஞ்சிது."

"கிரீஸா! நான் போன மாசம் புதுசு போட்டேன். அருமையா இருக்கு."

அவர் சரசரவென்று வெளியே ஊர்ந்து வந்தார். கண்ணில் ஒளி. "உங்கையில கிரவுன் கீதா? எத்தினி பல்லு?"

"ஒண்ணுதான்."

"ஒத்தப் பல்லுல கிரவுனா? இன்னா வண்டி அது? எங்க கீது, காட்டு."

வாயைத் திறந்து காட்டினேன்.

மூக்கண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து புறப்பட்டு வெளியே வரவே நேரம் பிடித்தது. லாரியின் பின் ஆக்சிலில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்துக்குத்தான் கிரவுன் என்று பெயராம். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதல்முறையாக நான் பேசிய வசனத்துக்கு அவள் சிரிக்கிறாள். ஆனால் சொல்லிக் காட்டியவர் மூக்கண்ணன். 'வாயைத் திறந்து' என்ற இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுத்தார் பாருங்கள், இத்தனை வருடம் எழுதியும் எனக்கு அந்த நிறுத்தம் வரவில்லை. வயிறு எரிந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அண்ணா, எங்கப்பா வண்டியோட ஆக்சிலு ஊர்ல மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கெடக்குதுங்க. இவரு போய் எடுத்துட்டு வந்துருவாருங்க."

இவர் என்பது நான்.

சங்ககிரியில் மச்சான் அதைக் கழற்றி வைத்திருந்தார். கிரவுன் ஒன்று, அதோடு பல்லோடு பல் கோத்துச் சுற்றும் பினியன் என்று இன்னொன்று. கனத்தைப் பார்த்து, பினியனை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"ஜோடிங்க மாப்ள. ஒண்ணாத் தேஞ்சது. ஒண்ண மட்டும் மாத்துனீங்கன்னா வண்டி கத்தும்."

கல்யாணமானவன் என்பதால் உடனே புரிந்தது. இரண்டையும் சாக்கில் கட்டி, பஸ்ஸில் காலடியில் வைத்தேன். இடறிவிழப் பார்த்த கண்டக்டர் கேட்டார்:

"என்னங்க சாக்குல?"

"கிரவுன்."

மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு ராஜாங்க நீங்க?"

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மூக்கு லாரி தன் காலால் நடந்து போய்க் கோயில் வாசலில் நின்றது. ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

தேர்பவனியன்று சாயங்காலம் பானெட் மேல் சாமந்தி மாலை, பின்னால் விளக்கு அலங்காரத்தில் மாதா. புறப்படும் நேரத்தில் மூக்கண்ணன், "ஃபர்ஸ்ட் கியரு நழுவுது. ஒருத்தர் பக்கத்துல குந்தி புடிச்சிக்கணும்" என்றார். ஊரே முண்டியது. யார் ஏறப்போவது என்று எனக்குத் தெரியும். என் மனைவி ஏற்கெனவே கொசுவத்தைத் தூக்கிச் செருகி, படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

"நீ எறங்கு தங்கச்சி. உனக்கு வண்டி தெரியும், நீ கியர மாத்துன்னுவே. ரைட்டருக்கு ஒண்ணியும் தெரியாது. புடின்னா புடிச்சிகினே குந்தினு இருப்பாரு. ரைட்டரு, ஏறு."

காக்கையைக்கூட அண்டவிடாத வண்டி. ஏறினேன். ஊர்ந்து போன அந்த வழியெல்லாம் கியர் ராடு என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே வந்தது. அன்று அந்த லாரியில் மூன்று கிரவுன்கள் பயணம் செய்தன: மாதா தலையில் ஒன்று, ஆக்சிலில் ஒன்று, என் வாயில் ஒன்று. கடைசி இரண்டும் ஒன்றாக அதிர்ந்தன. ஜன்னலுக்கு வெளியே என் மனைவி மெழுகுவர்த்தியோடு நடந்து வந்தாள். மாதாவைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில்தான்.

ஊர்வலம் திரும்பி வந்து கோயில் வாசலில் நின்றது. வேட்டு வெடித்தது. மூக்கண்ணன் ஸ்டியரிங்கைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கைய எடு ரைட்டரு. நியூட்ரல்ல கீது."

"தெரியும்" என்றேன். எடுக்கவில்லை. அவரும் மறுபடி சொல்லவில்லை.