மரத்தடியில் எடுத்த நட்சத்திர ரீடிங்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான், உன் நிம்மதியைக் கெடுக்கும் இந்தச் செய்தியை எழுதுகிறேன். படித்ததும் சட்டைப் பையில் வை, அலுவலக மேஜையில் வைக்காதே.

என் மகள் பல்கலைக்கழகத் தொலைநோக்கியை வைத்து, வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை ஆராய்கிறாள் அல்லவா, போன வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில், அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டைப் புரட்டினேன். முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான். ரீடிங்கைப் பார்த்தாலே ஆள் நேரில் போனானா, மரத்தடியில் உட்கார்ந்து எழுதினானா என்று சொல்லிவிடுவேன். நேரில் எடுத்தது முன்னே பின்னே இருக்கும். இவள் நோட்டிலோ பதின்மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் சொல்லிவைத்தாற்போல் ஏறுகிறது, சொல்லிவைத்தாற்போல் இறங்குகிறது. மரத்தடி ரீடிங்கேதான்.

காட்டிக்கொள்ளாமல் விசாரித்தேன். "ஏம்மா, உன் நட்சத்திரம் எப்படி இருக்கு?"

"நல்லா ஏறிடுச்சுப்பா. பதினொண்ணுல இருந்து பத்துக்கு வந்துடுச்சு."

"ஏறினா எண் எப்படிம்மா குறையும்?"

"அது அப்படித்தாம்பா. வெளிச்சம் கூடினா எண் குறையும்."

பின்னோக்கி ஓடும் மீட்டர்களை நான் பார்க்காததா, தம்பி. அத்தனை வீட்டிலும் ஒயரில் கைவேலை இருந்தது. அதுபோக, இவள் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதே இல்லையாம். அது படமெடுக்குமாம், இவள் கம்ப்யூட்டரில் அளப்பாளாம். பெட்டியைத் திறக்காமலே ரீடிங். உன் அண்ணியிடம் சொன்னால், "பெத்த பொண்ணையே செக் பண்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கிறாள். பேராசிரியர் கண்டுபிடித்தால் பட்டம் போய்விடும், மூன்று வருஷப் படிப்பும் போய்விடும். பெற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அதனால் நோட்டில் எட்டு இடத்தில் எண்களைக் கொஞ்சம் முன்னே பின்னே ஆக்கிவைத்தேன். இப்போது பார்த்தால் நேரில் எடுத்தது போலவே இருக்கிறது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. நீ அதே பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் இருப்பவன், ஏதாவது காரணம் சொல்லி அந்த ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பு. அதற்குள் அவளை நேர்வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. பிள்ளைகளின் நோட்டையும் அவ்வப்போது புரட்டிப் பார்.

இப்படிக்கு,
உன் நன்மைக்காகவே சந்தேகப்படும் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்துவிட்டாள். நோட்டைப் பார்த்துத்தான் ஆய்வேட்டில் எண்களை ஏற்றினாளாம். எட்டு எண்கள் இடிக்கின்றன என்று பேராசிரியர் பழைய படங்களை மறுபடி அளக்கச் சொல்லியிருக்கிறார். அளந்து பார்த்ததில் அந்த எட்டும் தப்பு, மற்றது எல்லாம் சரி; திருத்திவிட்டாள். அந்த நட்சத்திரம் நிஜமாகவே நேரம் தவறாததாம்.

"இந்த வீட்டுல ஏழுக்கு நடுவுல கோடு போடறது யாருப்பா?" என்றாள். ஒன்றும் ஏழும் குழம்பாமல் இருக்க மீட்டர் அட்டையில் நான் போட்டுப் பழகிய கோடு அது.

"சார்கிட்ட என்னம்மா சொன்னே?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். நல்லாத் திட்டினாரு."

தம்பி, நோட்டு முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்காத பொய்யை, அவள் எனக்காகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை வருவாள். ஒன்றும் கேட்காமல் முத்திரையைக் குத்திக் கொடு.