லூயிசா போகாத ஊர்கள்

உலக வெப்பத்தைத் தணிக்கும் மாபெரும் பொறுப்பை வரலாறு கோலார் தங்கவயலிடம் ஒப்படைத்த நேரத்தில், லூயிசா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அங்குள்ள ஆண்டர்சன்பேட்டையில் முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைப்பவள். பங்காரப்பேட்டைக்கு அப்பாலும் உலகம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள், போனதில்லை.

வாசலில் நின்றவர் டக்ளஸ், 'பசுமைப் பயணிகள் கழக'த் தலைவர். இயற்கைமேல் அவருக்கிருந்த பாசம் சாதாரணமானதல்ல. அதை நேரில் நலம் விசாரிக்க வருடத்துக்கு நான்கு முறை விமானம் ஏறுவார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க லூயிசாக்கா. துணிப்பை இலவசம்."

"இன்னாத்துக்குப்பா?"

"நீங்க எங்கியும் போகாததுக்கு."

எங்கும் போகாததற்காக இதுவரை யாரும் அவளுக்கு எதுவும் தந்ததில்லை. போட்டாள்.

ஏழு மாதம் கழித்து, மாதாவுக்கு நேர்ந்துகொண்ட பழைய வேண்டுதலைத் தீர்க்க வேளாங்கண்ணிக்குக் கிளம்பினாள். அப்படியே கடலையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. செய்தி கேட்டு டக்ளஸ் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனுக்கே ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நீங்க போகக் கூடாதுக்கா. உங்க வேளாங்கண்ணி ஏற்கெனவே செலவாயிடுச்சு."

"இன்னா சொல்றே?"

"நாங்க ஐஸ்லாந்து போனோமில்ல, பனி உருகுறதப் பார்த்து வருத்தப்பட? அந்தப் பிளேன் புகைக்கு ஈடா நீங்க போகாத பயணத்தத்தான் கழிச்சோம். நீங்க, உங்க பக்கத்து வீட்டு வெங்கடம்மா, இன்னும் முப்பத்தெட்டுப் பேரு. ஃபாரத்துல தெளிவா இருக்கு, 'ஆயுட்கால இருப்பு'ன்னு."

"நா சாகிற வரைக்குமா?"

"அப்பறம் உங்க இஷ்டம்."

லூயிசாவுக்கு ஒரு கணம் உண்மையாகவே குற்ற உணர்வு வந்தது. தான் காலெடுத்து வைத்தால் எங்கோ ஒரு பனிமலை சரிந்துவிடும் போலிருந்தது.

"நா ஏறலன்னா இந்த ரயிலு நிக்குமா?" என்று கேட்டாள்.

"ரயிலு நிக்காது. கணக்கு நிக்கும்."

வண்டி வந்தது. லூயிசா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நீ பனி பாக்கப் போனத நா தடுக்கலயேப்பா" என்றாள். வண்டி நகர்ந்தது.

மறுநாள் முழங்கால்வரை கடலில் நின்றாள். சேலை நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. 'இவ்ளோ தண்ணியா' என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

கழகம் கடமை தவறவில்லை. ஆண்டறிக்கையில் 'கடல்மட்ட உயர்வு: உள்ளூர்க் காரணங்கள்' என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு பெயர் இருந்தது: லூயிசா. அந்த அறிக்கையைக் கனத்த இதயத்தோடு வெளியிட, உறுப்பினர்கள் அனைவரும் குடும்பத்தோடு மாலத்தீவுக்குப் பறந்தார்கள்.