தகரத்தில் காயும் பற்றரி

மனிதரில் பற்றரி வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் கிடையாது. அதனால்தான் எனக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்கே ஒரு கருவி நின்றுபோனாலும், நின்ற சத்தம் அடங்குவதற்குள் இவர் பக்கத்தில் நிற்பார். ‘இஞ்ச தா’ என்பார். பற்றரியைக் கழற்றுவார், காதோரம் வைத்துக் குலுக்குவார், மோந்து பார்ப்பார், அதன் பித்தளைப் பல்லை நாக்கு நுனியால் தொட்டுவிட்டு மேலே பார்த்து யோசிப்பார், சாரன் தலைப்பால் துடைப்பார், திரும்பப் போட்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஓடினால் இவருடைய கைராசி. ஓடாவிட்டால் சைனாச் சாமான். இதில் தோற்பதற்கு எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள்?

உன்னிச்சைக் குளத்தடி ஊரில் இந்த இனத்துக்கு மூத்தவர் அருமைநாயகம். வயது அறுபத்தெட்டு. கறண்ட் இல்லாத வருசங்களில் ரோச் லைற் பற்றரிகளைக் கூரைத் தகரத்தில் காயவைத்து, செத்த பற்றரியிலிருந்து இன்னும் மூன்று நாள் றேடியோச் செய்தி கறந்தவர். அந்த வெற்றி அவர் தலையை விட்டு இன்றுவரை இறங்கவில்லை. அதன் பிறகு அவர் கைக்கு வந்த கைபேசி, சுவர் மணிக்கூடு, பேத்தியின் ஓடும் பொம்மை நாய் எல்லாமே ஒருமுறை தகரத்தில் ஏறி இறங்கியிருக்கின்றன. ஏறும்போது நாயாக இருந்தது, இறங்கும்போது உருகிப் பூனையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தங்கை அன்னப்பூரணி தன் மகள் நிருஷாவுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டில், முடியாமல் கிடந்தது ஒன்றே ஒன்று: குளியலறைக் கதவு. வீடு முழுதாக முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கல்யாண நாள் வைப்போம் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லியிருந்தது. பதினொரு மணிக்கு மட்டக்களப்பிலிருந்து வருகிறார்கள். தச்சுவேலை ஓடாவி உதயரூபன் விடியலிலிருந்து சன்னல், அலுமாரி எல்லாம் துளைத்துப் பொருத்திவிட்டு, எட்டரைக்குக் கதவைத் தூக்கி நிறுத்தினான். ட்ரில் மெசின் ‘கீச்’ என்றது. நின்றது. பற்றரியைச் சாஜரில் செருகினான். சிவப்பும் பச்சையும் மாறி மாறிக் கண் சிமிட்டின.

‘சூடேறிட்டு. ஆறினாத்தான் சாஜ் ஏறும். இருவது நிமிசம் விடுவம்’ என்றான் உதயரூபன்.

‘விடுறதா?’ அருமைநாயகம் அதற்குள் பற்றரியைக் கழற்றியிருந்தார். நாக்கு நுனியும் பட்டுவிட்டது. ‘சூடு இல்ல மனே, ஈரம். குளத்துக் காத்து உள்ளுக்குப் போயிரிக்கு. வெயில் காட்டவேணும்.’

‘ஐயா, அதில படம் போட்டிரிக்கு பாருங்க. சூரியனுக்குக் குறுக்கால கோடு.’

அருமைநாயகம் பார்த்தார். எழுத்தென்றால் அவருக்குக் கண்ணாடி வேண்டும். படத்துக்கு வேண்டாம்.

‘நான் சொன்னதைத்தானே கொம்பனிக்காரனும் கீறிரிக்கான்! சூரியன் எண்டா வெயில்ல வை. கோடு எண்டா குறுக்கால வை. நெடுக்கால வெச்சா ஒரு பக்கம்தான் காயும்.’

குறுக்காலேயே வைத்தார். சித்திரை வெயில், கீழே தகரம், பக்கத்தில் அருமைநாயகம். கருவாடு புரட்டுவதுபோலப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பதேகாலுக்குச் சாஜரில் போட்டார்கள். சிவப்பு, பச்சை. ‘கண்டியா, ஈரம் வெளிக்கிடுது!’ திரும்பத் தகரம். பத்து மணிக்கும் சிவப்பு, பச்சை. ‘இது ஆழத்து ஈரம்.’ திரும்பத் தகரம். மூன்றாம் முறை வெறுங்கையால் தூக்க முடியாமல் சாரனால் பிடித்து இறக்கினார். அப்போதும் சிவப்பு, பச்சை.

‘அண்ணன், வாற ஆக்கள் கதவில்லாத பாத்றூமைக் கண்டு நாளைத் தள்ளி வெச்சா, என்ட புள்ளைக்கு ஆரு பதில் சொல்லுற?’ என்று அன்னப்பூரணி அழாக்குறையாகக் கேட்டாள்.

‘பதறாத புள்ள. உன்ட அவசரம் பற்றரிக்கு விளங்குமா?’

அவர் நான்காம் வெயிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கையில் வான் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தகப்பன் தங்கராசா இறங்கினார். முகப்பைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்க்கவில்லை. வழியில் குடித்த இரண்டு இளநீரும் குண்டும் குழியுமான பாதையும் சேர்ந்து அவரைப் படுத்திய பாட்டில், முதல் வார்த்தையாகவே கேட்டார்: ‘பாத்றூம் எந்தப் பக்கம்?’

வேறு என்ன செய்வது? சம்பந்தி உள்ளே போனார். அருமைநாயகம் ஒரு பக்கமும் உதயரூபன் மறுபக்கமுமாகக் கதவைத் தூக்கி வாசலை மறைத்துப் பிடித்தார்கள்.

‘வெளியில ஆரு கதவைப் பிடிச்சிட்டு நிக்கிற?’ என்றது உள்ளிருந்து குரல்.

‘பொம்புளைட மாமன்.’

‘ஏன், கதவு இன்னும் நிலையில பூட்டல்லையா?’

அன்னப்பூரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

‘ட்ரில் பற்றரி சாஜ் ஏறுதில்ல, சம்பந்தி.’

வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு நிதானமாக ஒரு கேள்வி: ‘வெயில்ல வெச்சிங்களா?’

அருமைநாயகத்தின் பிடி தளர்ந்தது. கதவின் முழுப் பாரமும் உதயரூபன் தோளில் சாய்ந்தது. அறுபத்தெட்டு வருசத்தில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யார் கேட்டார்கள்?

‘மூண்டு தரம்!’

‘குறுக்காலையா, நெடுக்காலையா?’

‘குறுக்கால!’

‘அப்ப ஏறும்.’

இதற்கிடையில் நிருஷா, யாரிடமும் கேட்காமல், பற்றரியை எடுத்துப்போய் அறைக்குள் ஃபானுக்குக் கீழே வைத்தாள். ஆறியதும் சாஜரில் போட்டாள். யார் எந்தப் பற்றரியை எத்தனை நாள் காயவைத்தார் என்று சம்பந்திகள் இருவரும் போட்டிபோட்டுப் பேசிக்கொண்டே சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டு முடிப்பதற்குள் சிமிட்டல் நின்று சாஜ் ஏறியது, ட்ரில் பாடியது, கதவு நிலையில் ஏறியது. ஆவணியில் கல்யாணம் என்று நாளும் வைத்தாயிற்று.

‘கண்டிங்களா, மூண்டு வெயிலிட வேலை’ என்றார் அருமைநாயகம்.

‘நாலாவதும் காட்டியிரிந்தா இன்னும் பலமா ஓடியிரிக்கும்’ என்றார் தங்கராசா.

நிருஷா தன் மாமாவைப் பார்த்தாள். வரப்போகும் மாமனாரைப் பார்த்தாள். மேசையில் கிடந்த தன் கைபேசியை எடுத்து இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்துவிட்டு உங்கள் வீட்டு ரீவி றிமோட்டைக் கையில் எடுங்கள். பின்மூடி இருக்கிறதா, றப்பர் வளையம்தான் இருக்கிறதா? கடைசியாக எப்போது அதன் பற்றரிகளைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டி, இடம் மாற்றிப் போட்டு, பின்னால் தட்டினீர்கள்? வேலை செய்தபோது யாருடைய கைராசி என்று சொன்னீர்கள்?

வெளியே எட்டிப் பாருங்கள். வெயில் நல்லாய்த்தான் எறிக்கிறது.