முன்னர் நான், பின்னர் நானா

கண்டி மாநகரில் நடமாடுகிற அத்தனை பேரிலும் நிமிர்ந்து நிற்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் புடவை நானா. மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். நான் முன்பக்கம், காரணம் தொப்பை.

நானா என்றால் இங்கே முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்; அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பெயரைச் சொன்னால் அடுத்ததாக வயதைக் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். கொழும்பு வீதிப் புடவைக் கடையொன்றில் நாற்பது வருடத்துக்கு மேல் விற்பனையாளராக நின்றவர். கூறைப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு மடிப்பைப் பிரித்துக் காட்டுவதோடு விட மாட்டார். தன் மேலேயே சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைக் கையில் ஏந்திக் கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"பாருங்கோ தங்கச்சி, எனக்கே இவ்வளவு எடுப்பா ஈக்கி. ஒங்களுக்கு எப்பிடி ஈக்கும்?" என்பார்.

மீசை வைத்த ஆளுக்கே பொருந்துகிறதென்றால் மணப்பெண்ணுக்குப் பொருந்தாதா? புடவை விற்றுவிடும். என் மனைவியின் கூறைப் புடவையும் முதலில் நானா உடுத்திக் காட்டியதுதான். அவருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தியது என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கடைக்குப் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்தன. பொம்மைகள் தேநீர் கேட்பதில்லை, ஜும்மாத் தொழுகைக்கு நேரம் கேட்பதில்லை. நானா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நின்றே பழகிய மனிதருக்கு வீட்டிலும் உட்கார வரவில்லை. மகள் வீட்டு வாசலில் காலையிலிருந்து மாலைவரை நின்றார். யாராவது அந்த வழியால் போனால், "என்ன வேணும், வாங்கோ" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வார். பார்க்கச் சகிக்காது.

அந்தக் காலத்தில்தான் நாட்டில் முதுமை ஒரு தொழிலாக வளரத் தொடங்கியது. தேயிலை பார்த்தாயிற்று, தைத்த ஆடை பார்த்தாயிற்று, இனி ஆரோக்கியமான முதுமைதான் நாட்டைத் தூக்கி நிறுத்தப்போகிறது என்று தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் சொன்னார். நகரசபையில் இலிகிதராகக் கோப்பு எழுதி ஓய்வுபெற்று, சும்மா கிடந்த நான் ஒரே இரவில் தேசிய வளமாகிவிட்டேன். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப சீக்கிரம் ஏற்றுமதி பண்ணச் சொல்லுங்க" என்றாள்.

ஹேவாஹெட்டப் பக்கத்துப் பழைய தோட்டத் துரை பங்களாக்கள் நீடாயுள் விடுதிகளாயின. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, விடிந்ததும் இலைக்கஞ்சி குடித்து, மலை ஏறி இறங்கினார்கள். தெல்தோட்டையில் முதுகில் கொழுந்துக் கூடையோடு காலமெல்லாம் ஏறி இறங்குகிறவர்களிடம், நீங்கள் செய்வது சிகிச்சை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மருந்துக் கடைகள் மூட்டுக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று டின் அடுக்கின. பேராதனை வீதியில் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், நீடாயுள் பொடி விற்கிற நிறுவனம் ஒன்று திறந்தார்கள். பெயர் வேண்டாம்; நானும் அவர்கள் உப்பைத் தின்றவன். உப்பல்ல, பொடி.

அதன் முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம்பெண். எல்லோரும் மிஸ் என்போம். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, இவ்வளவு சரளமாகப் பொய் எழுதுகிற ஆள் நமக்கு வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் எழுதுவது என் வேலை. 'மூன்றே மாதத்தில் உங்கள் முதுமை உங்களைத் தேடி அலையும்' என்ற வரி என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

விளம்பரப் படத்துக்கு வயதான, ஆனால் வயது தெரியாத ஓர் ஆள் தேவைப்பட்டபோது நான் நானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நிமிர்ந்து நில்லுங்கள் என்று படப்பிடிப்பாளர் சொல்வதற்கு வேலையே இருக்கவில்லை. பொடி டின்னை வாங்கித் தோளருகே ஏந்தி, கண்ணாடி முன்னால் நிற்பதுபோல் லேசாகத் திரும்பி ஒரு சிரிப்பு. நாற்பது வருடப் பழக்கம். மிஸ் கைதட்டினார்.

போகிற போக்கில் படப்பிடிப்பாளர் என்னையும் பார்த்தார். "சேர், ஒங்க ஐடி கார்டுக்கும் ஒண்ணு எடுத்துருவோம்."

நான் அப்போதுதான் கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தேன். வாய் திறந்திருந்தது. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன் தம்பி."

"வேணாம் சேர், இதான் நல்லாருக்கு."

இரண்டு கிழமை கழித்து மணிக்கூண்டுக்குப் பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். வலப்பக்கம் நானா, கீழே 'பின்னர்'. இடப்பக்கம் நான், வாயைத் திறந்தபடி, கீழே 'முன்னர்'. இரண்டும் ஒரே ஆளாம். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை என்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் இவ்வளவு ஒற்றுமையை இந்த நாட்டில் வேறெந்தச் சுவரொட்டியும் காட்டியதில்லை. இத்தனைக்கும் 'பின்னர்' என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

நேரே போய் மிஸ்ஸிடம் கத்தினேன். "சேர், நீங்க பக்கத்துல இல்லாட்டி அவரோட இளமை எடுபடாது" என்றார். கூடவே இரண்டு டின் பொடி தந்தார். வாங்கிக்கொண்டேன். என் மானம் இரண்டு டின்.

மனைவி சுவரொட்டியை நின்று நிதானமாகப் பார்த்தாள். "அந்தப் பக்கம் நிக்கிறவரு நல்லா இருக்காரு. என்ன சாப்பிடுறாருன்னு கேட்டுட்டு வாங்க."

கேட்டேன். நானா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அந்தப் பொடி ஒத்துக்காது தம்பி, வயிறு ஊதுது. காலைல ரொட்டியும் மாட்டிறைச்சியும். பெருநாளைக்கு இனிப்பா வட்டலாப்பம். யாருக்கும் செல்லிராதீங்க."

நான் மூன்று வேளையும் பொடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடை ஏறியது.

அந்தச் சுவரொட்டிதான் நானாவுக்கு உயிர். காலையில் படத்தில் உள்ள அதே நீலச் சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு தரிப்பிடத்துக்கு வந்துவிடுவார். யாராவது படத்தைப் பார்த்தால், பக்கத்தில் போய் அதே மாதிரித் திரும்பி, அதே சிரிப்பைச் சிரிப்பார். மழை பெய்தால் கைக்குட்டையால் சுவரொட்டியைத் துடைப்பார். "ஒங்கட மூக்குலயும் சேறு பட்டிருந்திச்சி, துடைச்சுவிட்டேன்" என்று என்னிடம் வந்து அறிவிப்பார். வாசலில் நின்று வார்த்தையை விழுங்கும் மனிதர் போன இடம் தெரியவில்லை.

நிறுவனம் அவரிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தது. கைத்தடி பிடிக்கக் கூடாது. பஸ்ஸில் முதியோர் ஆசனத்தில் உட்காரக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் தலை காட்டக் கூடாது. மீறினால் படம் போய்விடும். நானா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பிள்ளை எழுந்து, "இருங்க அங்கிள்" என்றதற்கு, டவுனுக்கு வெகு முன்பே, தென்னெக்கும்புரவில் இறங்கி நடந்தே டவுனுக்கு வந்தார்.

என் நிலைமை வேறு. தரிப்பிடத்தில் என்னைக் காண்கிறவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன சேர், பொடிய நிப்பாட்டிட்டீங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள். டாக்டரிடம் போய்வரச் சொல்லி மனைவி மாதக்கணக்காக நச்சரித்தாள். நீடாயுள் நிறுவனத்தில் எழுதுகிறவன் டாக்டரிடம் போவதா? தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? உண்மையைச் சொன்னால், பயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானா என் வீட்டுக்கு வந்தார். கம்பளித் தொப்பி, முகக்கவசம், மகளுடைய கறுப்புக் கண்ணாடி. கை நெஞ்சில் இருந்தது.

"தம்பி, நெஞ்சுல ஒரு மாதிரி இறுக்குது."

"வாங்க நானா, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

"நான் எப்பிடிப் போற? ஆராவது கண்டா என்ட படம் போயிரும்." முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டார். "அது போனா நான் மறுபடியும் வாசல்ல நிக்க வேண்டியதுதான் தம்பி."

உயிர் பெரிதா, படம் பெரிதா என்று நான் கேட்டேன். படம்தான் என்பதுபோல் பார்த்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "நீங்க நோயாளி மாதிரி வாங்க. நான் ஒங்களுக்குத் துணை. டாக்டர் கிட்டப் போனதும் மெதுவாச் செல்லிக்குவம்."

"என்னை யாரு நானா நோயாளின்னு நம்புவாங்க?"

"போஸ்டரப் பாத்த எல்லாரும் நம்புவாங்க."

முச்சக்கர வண்டியில் போனோம். நான் வழியெல்லாம் முனகிப் பழகினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் ஒரு தாதி சக்கர நாற்காலியை என்னை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். "சீயா, மெதுவா உக்காருங்க" என்றார். சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா. நானாவைப் பார்த்து மட்டும், ஐயா என்ற மரியாதையோடு, "மாத்தயா, நீங்க சீயாட மகனா?" என்று கேட்டார். அந்த நெஞ்சு இறுக்கத்திலும் நானாவின் முகக்கவசத்துக்குள்ளே ஒரு சிரிப்பு விரிந்ததைக் கண்டேன்.

என்னைப் படுக்கவைத்து நெஞ்சிலும் கைகாலிலும் வயர்களை ஒட்டினார்கள். நான் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், நகரசபையில் வீணாய்ப்போன என் கலைத்திறன் முழுவதையும் அங்கே இறக்கினேன். இயந்திரத்திலிருந்து காகிதம் வந்தது. தாதி அதைப் பார்த்தார். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட ஓடினார். நாடகத்துக்குப் போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் வந்து காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கட்டில விட்டு எறங்கவே கூடாது" என்றார்.

நான் நானாவின் பக்கம் தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தேன். "போதும் நானா, நடிப்பு முடிஞ்சிருச்சு. இப்ப நீங்க படுங்க."

"எனக்கு நெஞ்சுல ஒன்டும் இல்ல தம்பி."

"என்னா?"

"ஒங்களக் கூட்டிட்டு வரத்தான் வந்த. நேராச் செல்லியிருந்தா வந்தீப்பீங்களா?"

டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பதில் சொன்னதெல்லாம் நானாதான். மூன்று மாதமாக நான் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்பது, பேசிக்கொண்டிருக்கும்போதே இடது தோளைத் தேய்ப்பது, பின்னேரமானால் கால் வீங்கிச் செருப்பு வார் புதைவது. எனக்கே தெரியாததையெல்லாம் அளந்து வைத்திருந்தார். முகக்கவசத்துக்குள்ளால் பேசுவது டாக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. நானா ஒரு கணம் தயங்கினார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றினார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து திரும்பச் சொன்னார்.

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்கு வந்திருந்தவர்கள், "இவரு பொடி விளம்பரத்துல இருக்கிறவரு இல்ல?" என்றார்கள். யாரோ கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள். பின்னேரத்துக்குள் கண்டி முழுவதும் அந்தப் படம் போய்விட்டது: இருதய வார்டில் 'முன்னர்' படுத்திருக்க, 'பின்னர்' பக்கத்தில் நிற்கிறார்.

இரத்தக் குழாயில் அடைப்பு. சின்னக் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே வைத்தார்கள். இன்னும் ஒரு கிழமை பொடியை நம்பியிருந்தால் இந்தப் பத்திக்கு வேறு ஆள் தேட வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். டாக்டரும் வாசகராம்.

கண் திறந்த அன்று நானாவிடம் கேட்டேன். "எப்பிடி நானா கண்டுபிடிச்சீங்க?"

"தினமும் என்ட மூஞ்சப் பாக்கப் போவேன்தானே. பக்கத்துல ஒங்கட மூஞ்சும் ஈக்கி. பாக்காம வர ஏலுமா?" என்றார். "ஒருநாள் நீங்க அந்தத் தரிப்பிடத்துல, படத்துக்குக் கீழயே நின்டீங்க. பாத்தா, 'முன்னர்'ர விட நீங்க மோசமாப் போயிட்டீங்க தம்பி. எனக்குக் கெதக்குன்டு போச்சி."

"படம் போயிரும்னு தெரிஞ்சேதானே எல்லாத்தையும் கழட்டினீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த நீலச் சேட்டுக் கலர் எனக்கு எடுக்கவே இல்ல. வேற கலர் போட்டிருக்கணும்."

அன்று மாலை மனைவி வந்து வேறு மாதிரிச் சொன்னாள். "மணிக்கூண்டு கிட்ட போஸ்டர சொரண்டிக்கிட்டு இருந்தாங்க. நானா எதிர்ப்பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. என்னையக் கண்டதும் மழைத்தூறல்னு கண்ணத் தொடச்சாரு. மழையே இல்லீங்க."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். நெஞ்சுக்கு ஆகாது என்று தாதி ஏசினார்.

நிறுவனத்துக்கு இப்போது வேறு 'முன்னர்', வேறு 'பின்னர்'. நானா வாசலில் நிற்பதில்லை, அவருக்கு நேரமில்லை. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நேரே என் வீட்டுக்கு வருகிறார். என் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறார், வாயைத் திறக்கச் சொல்லி விழுங்கினேனா என்று பார்க்கிறார், பிறகு என்னை வாவியைச் சுற்றி நடத்திக்கொண்டு போகிறார். எதிரே வருகிறவர்களிடமெல்லாம், "இவருக்குக் கம்பி வெச்சது. எப்பிடி எடுப்பா ஈக்கார் பாருங்கோ" என்று கூறைப் புடவை காட்டுகிற மாதிரி என்னைக் காட்டுகிறார். எனக்கு மானம் போகிறது. வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

சில நாட்களில் வருவதற்குப் பத்து நிமிடம் பிந்திவிடுகிறார். அப்போது என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதை மட்டும் நான் டாக்டரிடம் சொல்வதில்லை.