மணியடிக்கும் உடைவாள்

ஆமத்தூர்,
24.10.2007

சென்னைப் பட்டணத்தில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் என் அக்காள் மகன், அன்பு மருமகன் புகழேந்திக்குத் தாய்மாமன் ஊர்க்காவலன் நெஞ்சாரத் தழுவி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தை பாண்டிச்செல்வியும் வெள்ளாடு இரண்டும் சுகம். அங்கு நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும்.

நிற்க. நீ பொருட்காட்சியில் வாங்கி, பிடி ஆடுகிறதென்று விருதுநகரில் என் கையில் கொடுத்துப் போன அலங்கார வாள் விஷயம். "அப்பா ரிட்டையர் ஆனதுலேர்ந்து பேச்சே இல்ல மாமா, சுவரப் பாத்தே உக்காந்திருக்காக. தை மாசம் அறுபதாம் கல்யாணத்துல இத அவுக கையில குடுக்கணும். அந்தக் காலத்து நாடக வாள் மாதிரியே மாத்திக் குடுங்க, ஒரு தடவ சிரிச்சாப் போதும்" என்று நீ சொன்னபோது நான் கொட்டாவி விட்டேன். அது தூக்கத்தால் வந்ததில்லை.

வாளை வெளியே தெரிய எடுத்துப் போனால் வம்பென்று, மிளகாய் வத்தல் கடையில் ஒரு காலிச் சாக்கு வாங்கிச் சுற்றி பஸ்ஸில் ஏறினேன். "சாக்குல என்னய்யா?" என்றார் கண்டக்டர் தும்மிக்கொண்டே. "ராஜா வாளு" என்றேன். "யாரு தலைய எடுக்கப் போறீரு?" என்றார். பாண்டியர் காலத்து வாள், எங்கள் குடும்பச் சொத்து என்று ஒரு போடு போட்டேன் பாரு, ஆமத்தூர் வரை என்னைச் சுற்றி மூன்று சீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை. அவ்வளவு மரியாதை. வத்தல் நெடி என்று உன் அத்தை சொல்வாள்.

நீ அந்த நாடகத்தைப் பார்த்தவனில்லை. எழுபத்து நான்காம் வருஷம் ஆயுத பூஜைக்குத் தீப்பெட்டிக் கம்பெனி முற்றத்தில் போட்டோம். ராஜா யார்? அடியேன்தான். உன் அப்பாவுக்கு வாயிற்காப்போன் வேஷம். பாவம், ஒரே ஒரு வசனம்: "மன்னர் வருகிறார், வழி விடுங்கள்!" வாளின் அலகு எண்ணெய் டின் தகரம். பிடிக்குப் பச்சை நூல் சுற்று. கைக்கு மறைப்பாக ஒரு சைக்கிள் மணியின் மூடி. உறையிலிருந்து உருவினால் 'டிங்' என்று கேட்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், மெழுகும் குச்சி மருந்தும் கலந்த வாசனை, பகலெல்லாம் பெட்டிக்கு லேபிள் ஒட்டிய கையைக் கன்னத்தில் வைத்து வாய் பிளந்திருக்கும் பெண்டுகள்! அந்த 'டிங்' கேட்டதும் அழுத பிள்ளையும் வாய் மூடிவிடும். இன்றைக்கும் எங்காவது சைக்கிள் மணி அடித்தால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடுகிறது.

உன் வாளின் பிடியைக் கழற்றினால், உள்ளே காகிதத்தைக் கசக்கி அடைத்திருக்கிறான். ஆடாமல் என்ன செய்யும்? சிங்கமுகத் தகட்டைத் தூக்கிப் போட்டேன். என் சைக்கிளின் மணி மூடியைக் கழற்றி, நடுவில் துளை போட்டு மாட்டினேன். இப்போது எதிரே வருகிறவர்களை நானே வாயால் மணியடித்து விலக்குகிறேன். பிடிக்குள் அரக்கை உருக்கி ஊற்றி அலகைச் சொருகினேன். மேலே சுற்றப் பரணில் ஒரு கண்டு பச்சை நூல் கிடந்தது. விறைப்பான, அழகான நூல். அந்தக் காலத்துப் பச்சை அப்படியே!

ஆயுத பூஜையன்று சந்தனம் பூசி, பூசணிக்காய்க்கு நேர் மேலே ஆணியில் பிடியைக் கட்டி, அலகு கீழே பார்க்கத் தொங்கவிட்டேன். சூடத்தைக் காட்டினேன். 'சர்ர்ர்' என்றது. நெருப்பு பிடியை வட்டம் வட்டமாகச் சுற்றி ஏறுகிறது! அது நூலில்லை மருமகனே, போன கார்த்திகைக்கு மிஞ்சிய பட்டாசுத் திரி. அரக்கு உருகி, பிடி ஆணியில் தொங்க, அலகு மட்டும் நழுவி விழுந்து பூசணியை இரண்டாகப் பிளந்தது. ஒரே வெட்டு! சும்மா குத்திக்கொண்டு நின்றது என்பாள் உன் அத்தை, நம்பாதே.

"முப்பது வருசம் பட்டாசுக் கம்பெனியில இருந்தீகளே, திரிக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியலியாக்கும்?" என்றாள்.

"சூப்பர்வைசருக்கு அதையெல்லாம் பாக்க நேரமேது?"

"வாட்ச்மேனுக்குன்னு சொல்லுங்க."

பொம்பளைக்கு நிர்வாகம் புரியாது. மறுபடி அரக்கு ஊற்றி, குறுக்கே ஆணியும் அடித்துவிட்டேன். இந்த முறை கடையிலேயே தீக்குச்சி கிழித்துச் சோதித்துத்தான் நூல் வாங்கினேன். இனி அந்தக் கடைப்பக்கம் நான் தலைகாட்ட முடியாது.

வாள் அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. தை மாதம் வரை உன் அப்பா கண்ணில் படாது. இது ராஜா வாக்கு. குலசாமி உன்னைக் காய்ச்சல், தலைவலி, கெட்ட சகவாசம் எதுவும் அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
ஊர்க்காவலன்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை தேடுகிற நேரத்தில், உன் அம்மா சுட்ட முறுக்கோடு உன் அப்பா வந்துவிட்டார். அரிசி எடுக்கப் போன உன் அத்தை கை பட்டு உள்ளே 'டிங்' என்றது. மனிதர் அப்படியே நின்றார். உள்ளே போய் வாளை எடுத்து வந்தார். மணி மூடியைத் தடவினார். ஒரு கையை இடுப்பில் வைத்து, தர்பார் வசனம் முழுவதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். மேலே வேஷத்தை மாற்றி எழுதிவிட்டேன் மருமகனே. ராஜா அவர்தான். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்து, "ஏலே மாப்ளே, வாசல்ல நின்னு என்னலே முழிக்க? ஒன் வசனத்தச் சொல்லு" என்றார். சொன்னேன். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கும் அது மறக்கவில்லை. சிரித்தார் பாரு ஒரு சிரிப்பு, வெள்ளாடு இரண்டும் கயிற்றை இழுத்தன. வாளை முறுக்குப் பையில் சொருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான்தான் முன்னால் போய் வழிவிடச் சொன்னேன். தைக்கு நீ வேறு ஏதாவது பார்த்துக்கொள். வரும்போது என் சைக்கிளுக்கு ஒரு மணி வாங்கி வா.