ஆட்டுப் பட்டியிலிருந்து வந்த காடு

"…ஆடு தின்னு, அசைபோட்டு, வயித்துல ஊறி வந்தாதான் அது விதை நைனா. நீ காயை உரிச்சி எடுத்துக்கினு இருக்கறது வெறும் கூழாங்கல்லு," என்றார் ஆடு வளர்க்கும் முனியம்மா.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்றுவரை வழி தெரியவில்லை.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், ஆரம்பாக்கம் பக்கத்து ஏரி ஒன்றில் கருவேலங்காடு வளர்க்கும் வனத்துறை வேலையில் நான் தற்காலிகக் காவலாள். கடலோர மணலுக்குச் சவுக்கு, ஏரிக் களிமண்ணுக்குக் கருவேலம் என்று யாரோ சொன்னதை மனப்பாடம் செய்துவிட்டு, வனசாஸ்திரமே என் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. காடு முளைத்தால் வேலை நிரந்தரம் என்றிருந்தார் ரேஞ்சர். முளைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கருவேலங்காய் தின்னும் ஆடுகளின் பட்டியைக் கூட்டிப் பெருக்கி, அந்தக் குப்பையோடு விதை எடுப்பது அங்கே வழக்கம். முனியம்மாவும் கூடை கூடையாக அனுப்பியிருந்தார்.

"சர்க்கார் காட்டுல புழுக்கையையா விதைக்கறது?" என்று அத்தனையையும் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் வாயில் கொட்டச் சொன்னேன். வாரம் முழுக்க நானே காய் உரித்து, விதைகளைத் துணியால் துடைத்து (ஆமாம், துடைத்தேன்) வரிசையாக ஊன்றினேன்.

மழை பெய்தது. என் வரிசைகளில் நாலே நாலு முளை. அதிலும் இரண்டு களை.

ரேஞ்சர் வந்தார். வெறும் மண்ணைப் பார்த்தபடி நடந்தார். பின்னால் நான், மனசுக்குள் மூட்டை கட்டிக்கொண்டு. கரை திரும்பும் இடத்தில் சட்டென்று நின்றார்.

கால்வாய்த் தண்ணீர் அந்தக் குப்பையை இழுத்துப் போய் ஏரியின் வளைவு நெடுக ஒதுக்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் இறகு இறகாகப் பச்சை. ஈரம் எங்கே நிற்குமோ அங்கே கன்று. எந்த மனிதனும் அவ்வளவு இடம் பார்த்து விதைத்திருக்க முடியாது.

"யாருய்யா விதைச்சது?"

முழுக் கதையையும் சொன்னேன். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு கன்றுகளையே பார்த்தார்.

"வேலையில இரு. விதையை மட்டும் அந்தம்மாவக் கேட்டு எடு."

இன்றும் வீட்டில் நான் எதையாவது அழுத்தித் துடைத்தால், "விடுங்க, அது முளைக்காது" என்பாள் என் மனைவி.

ரேஞ்சர் வந்துபோன மறுநாள் காலை பட்டிக்குப் போய், "அக்கா, விதை வேணும்," என்றேன்.

"இன்னா நைனா, தொடச்சிக் குடுக்கணுமா?" என்றார் முனியம்மா. பட்டி கூட்டும் துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்விட்டார்.