செங்கமலத்தின் இழுவை வண்டி

ஒரு காட்டில், அதுவும் தார்ச்சாலை போட்டு மூன்றே மாதத்தில் பெயர்ந்துபோன காட்டில், செங்கமலம் என்றொரு கரடி இருந்தாள். தேனீப் பெட்டிகளை ஒரு தட்டு வண்டியில் ஏற்றி, பூ பூக்கும் இடத்துக்கெல்லாம் தானே இழுத்துப் போவதுதான் அவள் பிழைப்பு. இந்த வருடம் இரண்டு முட்டிகளும் மக்கர் பண்ணின. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்காரப் பயமாக இருந்தது.

மேல்மலையில் பூ விரிந்துவிட்டது. மூத்த ராணித்தேனீ கறாராகச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள மலைக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா, நாங்க வேற கரடியப் பார்த்துக்கறோம்."

தேனீக்களை விட்டால் செங்கமலத்துக்கு வேறு நாதியில்லை. நேரே மந்திமுத்து என்ற குரங்கின் வண்டிக்கடைக்குப் போனாள்.

முதலில் காட்டிய ஜீப் ஆளுயரம். ஏணி வைக்காத குறையாக ஏறி, விழாத குறையாக இறங்கினாள்.

"என்னா கம்பீரம் பாத்தீங்களா!" என்றான் மந்திமுத்து.

"கம்பீரத்த நீயே வச்சுக்க. என் முட்டிக்கு ஆகாது."

அடுத்தது தரையோடு தரையான கார். உட்காருவது சுகமாகத்தான் இருந்தது. அவளை வெளியே எடுக்கத்தான் நாலு காட்டெருமைகள் வேண்டியிருந்தன.

மூன்றாவது வண்டியில் இருக்கை சரியாக இடுப்பு உயரம். சாய்ந்தால் உட்கார்ந்தாயிற்று, காலைத் திருப்பினால் இறங்கியாயிற்று. செங்கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இதே சீட்டு வேணும். வியாழக்கிழமை வீட்டுக்கே கொண்டாந்துடு."

மந்திமுத்து பதினாறு பக்கப் படிவத்தை நீட்டினான். 'வண்டியின் வகை' என்ற இடத்தில் அவள் குண்டு குண்டாக எழுதினாள்: இழுவை வண்டி.

வியாழக்கிழமை அதே நாலு காட்டெருமைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தன. மாலை இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது, அதே சீட்டும் இருந்தது. எஞ்சினைக் காணோம்.

"எஞ்சின் எங்கடா?" என்று கூடவே வந்த மந்திமுத்துவைக் கேட்டாள்.

"இழுக்கற வண்டின்னு எழுதியிருந்தா வச்சிருப்போம்மா. நீங்க இழுவை வண்டின்னு எழுதிட்டீங்க. எங்க கடையில அது இழுக்கப்படற வண்டி. மாத்தணும்னா புதுப் படிவம், அறுபது நாள்."

மறுநாள் காலை, தேனீப் பெட்டிகள் ஏற்றிய தட்டு வண்டியைப் பின்னால் மாட்டிவிட்டு, சாலையோரம் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்து செங்கமலம் ஓவென்று அழுதாள். தேனீக்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தன.

அப்போது அந்த ஆளுயர ஜீப் வந்து நின்றது. வாங்கியவன் ரத்தினவேலு என்ற காட்டுப்பன்றி. வாங்கிய நாள் முதல் எதையாவது இழுத்துக் காட்டத் துடித்துக்கொண்டிருந்தவன். சுற்றிலும் கூட்டம் வேறு.

"நகருங்கய்யா! என் ஜீப்பு மலையையே இழுக்கும்," என்று கயிற்றைக் கட்டினான்.

பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு கயிறு தளர்ந்தது. ஒவ்வொரு தடவையும் ரத்தினவேலு ஜீப்பிலிருந்து குதித்து, முடிச்சை இறுக்கி, மறுபடி தொங்கி ஏறினான். செங்கமலம் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

மேல்மலையில் தேனீக்கள் கோபத்தை மறந்து பூவுக்குப் பறந்தன. செங்கமலம் காலைத் திருப்பினாள், இறங்கினாள். முட்டி முனகவே இல்லை.

ரத்தினவேலு முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

"அக்கா, இந்த வண்டிய எங்க வாங்குனீங்க?"

"மந்திமுத்து கடையிலதான் தம்பி. ஆனா படிவத்துல சரியா எழுதணும்."

நீதி: முட்டி வலிக்கு உகந்த வண்டி, பெருமை பிடித்த ஒருவன் இழுத்துப் போகிற வண்டியே. எஞ்சினுக்கு ஆசைப்படாதே.